கேட்டி பாதை: முழுதாகவா, துண்டாகவா? மிசௌரியில் கார் இல்லாத சைக்கிள் பயணத்துக்கு எந்தப் பகுதி

மூன்று நாள் விடுமுறை கிடைத்திருக்கிறது. வீட்டில் இரண்டு சைக்கிள் இருக்கின்றன. கார் ஓடும் சாலையில் ஓட்டப் பயம். ஆகவே மிசௌரியில் பழைய ரயில் தடத்தில் அமைந்த கேட்டி பாதைக்குப் போவது என்று முடிவாகிவிட்டது. எந்தப் பகுதி என்பதில்தான் இழுபறி. செயின்ட் லூயிஸ், கேன்சஸ் சிட்டி, சிகாகோ பக்கம் வசிக்கும் நம்மவர்கள் பலர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஒருவர் முழுப் பாதையும் ஓட்டினால்தான் ஓட்டியதாகக் கணக்கு என்பார். இன்னொருவர் ரோச்போர்ட் மட்டும் போதும் என்பார். இரண்டும் அவரவர் நிலைமைக்குச் சரியான பதில்களே. உங்கள் நிலைமைக்கு எது பொருந்தும் என்று பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பாதையைப் பற்றிக் கொஞ்சம். மிசௌரி–கேன்சஸ்–டெக்சஸ் ரயில் நிறுவனத்துக்கு மக்கள் வைத்த செல்லப்பெயர் கேட்டி. 1986இல் இந்தத் தடத்தில் ரயில் நின்றது. எட்வர்ட் 'டெட்' ஜோன்ஸ், பாட் ஜோன்ஸ் தம்பதி கொடுத்த 22 லட்சம் டாலர் கைகொடுக்க, மாநில அரசு தடத்தைப் பெற்றுச் சைக்கிளுக்கும் நடைக்கும் ஒதுக்கியது. 1990இல் ரோச்போர்ட்டில் முதல் பகுதி திறந்தது. இன்று கிழக்கே மாச்சென்ஸ் முதல் மேற்கே கிளின்டன் வரை சுமார் 240 மைல், அதாவது 386 கிலோமீட்டர் நீள்கிறது. இத்தனை நீளமும் ஒரே மாநிலப் பூங்கா. அகலம் மட்டும் ஒரு ரயில் தடத்தின் அகலம். நுழைவுக் கட்டணம் இல்லை. சூரியன் உதித்தது முதல் மறையும் வரை திறந்திருக்கும்.

பாதையோர மைல் பலகைகள் பழைய ரயில்வே எண்களையே வைத்திருக்கின்றன. செயின்ட் சார்ல்ஸ் 39.5, மிசௌரி ஆற்றில் ஹெர்மனுக்கு எதிர்க்கரையில் உள்ள மெக்கிட்ரிக் 100.8, ஜெஃபர்சன் சிட்டிக்கு எதிர்க்கரையில் உள்ள வடக்கு ஜெஃபர்சன் 143.2, ரோச்போர்ட் 178.3, பூன்வில் 191.8, சேடாலியா 227, வின்ட்சர் 248, கிளின்டன் 264.6. இந்த எட்டு எண்களை ஒரு சீட்டில் எழுதி ஹேண்டில்பார் பையில் போட்டுக்கொள்ளுங்கள். எங்கே நின்றாலும் அடுத்த ஊருக்கு எவ்வளவு தூரம் என்பது ஒரு கழித்தல் கணக்குத்தான். மைலை 1.6ஆல் பெருக்கினால் கிலோமீட்டர்.

## எதை வைத்து முடிவு செய்வது

காருக்குத் திரும்புவது எப்படி? பெரும்பாலானோர் அழகான பகுதி எது என்பதில் தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டியது இந்தக் கேள்வியில். பாதை வளையமாக இல்லை, ஒரே கோடு. 100 கிமீ ஓட்டிவிட்டால் கார் 100 கிமீ பின்னால் நிற்கும். அதைச் சரிக்கட்ட மூன்று வழிகள் உண்டு: வந்த வழியே திரும்புவது, தனியார் வேன் பிடிப்பது, அல்லது ஆம்ட்ராக் ரயில். கேன்சஸ் சிட்டிக்கும் செயின்ட் லூயிஸுக்கும் இடையே ஓடும் மிசௌரி ரிவர் ரன்னர் வண்டி சேடாலியா, ஜெஃபர்சன் சிட்டி, ஹெர்மன், வாஷிங்டன், கர்க்வுட் ஊர்களில் நிற்கிறது. சைக்கிளைக் கழற்றாமல் அப்படியே ஏற்றலாம், ஆனால் முன்பதிவு வேண்டும். ஒரு வண்டியில் சில சைக்கிள்களுக்கே இடம் என்பதால், ஆளுக்கு டிக்கெட் போடும்போதே சைக்கிளுக்கும் போட்டுவிட வேண்டும். பெட்டியின் படியில் சைக்கிளை நீங்களே தூக்கி ஏற்ற வேண்டும் என்பதால் பைகளை முன்னதாகவே கழற்றி வைத்திருங்கள்.

இந்த ரயில் சரக்கு வண்டிகளோடு தண்டவாளத்தைப் பங்கிட்டு ஓடுவதால் தாமதம் சகஜம். அதனால் ஒரே நாள் பயணமாக இருந்தால் காலையில் முதலில் ரயிலில் போய்விட்டு, அங்கிருந்து காரை நோக்கி ஓட்டுங்கள். மாலை ரயிலைப் பிடிக்கச் சைக்கிளில் விரட்டிக்கொண்டு வருவதுதான் இந்தப் பாதையில் அதிகம் பேரைக் கெடுக்கும் திட்டம். ஒரு பஞ்சர் போதும், இரவு தங்க அறை தேட வேண்டியதாகிவிடும்.

தண்ணீரும் சாப்பாடும். எல்லா நிறுத்தங்களிலும் தண்ணீர்க் குழாய் கிடையாது. குளிர்காலத்தில் இருக்கும் குழாய்களையும் அடைத்துவிடுவார்கள். வரைபடத்தில் ஊர் என்று போட்டிருக்கும் சில இடங்களில் நாலு வீடும் ஒரு தேவாலயமும்தான். ஒரே உணவகம் இருக்கும் ஊரில் அதுவும் திங்கள், செவ்வாயில் பூட்டியிருக்கலாம். சைவம் சாப்பிடுபவர்களுக்குச் சின்ன ஊர்களில் வறுத்த உருளைக்கிழங்கு, சீஸ் பீட்சா, சீஸ் வைத்துச் சுட்ட ரொட்டி, இவ்வளவுதான். சப்பாத்தியும் தக்காளித் தொக்கும் இரண்டு நாள் தாங்கும், புளியோதரை ஒரு நாள் தாங்கும். ஜூன் வெயிலில் தயிர்சாதம் மதியத்துக்குள் புளித்துவிடும், எடுக்காதீர்கள்.

கார் இல்லாத பாதை எங்கே முடிகிறது? பாதையில் கார் வராது. ஊர்ப்புறச் சாலைகளைக் குறுக்கே கடக்கும் இடங்களில் மட்டும் நின்று பார்த்துப் போக வேண்டும், அறுவடைக் காலத்தில் டிராக்டரும் குறுக்கிடும். சிக்கல் வருவது படுக்கப் போகும்போது. நல்ல விடுதிகள் பல ஆற்றின் தென்கரையில் இருக்கின்றன, பூன்வில்லுக்குக் கிழக்கே பாதையோ வடகரையில் போகிறது. ஜெஃபர்சன் சிட்டிக்கு 2011இல் பாலத்தோடு தனிச் சைக்கிள் பாதை சேர்த்துக் கட்டினார்கள். சுற்றிச் சுற்றி ஏறும் சாய்தளத்தின் வழியாகக் காரைத் தொடாமலே ஊருக்குள் போய்விடலாம். பூன்வில் நெடுஞ்சாலைப் பாலத்திலும் சைக்கிளுக்குத் தனித் தடம் பிரித்திருக்கிறார்கள். ஹெர்மன் பாலத்திலும் தனித் தடம் உண்டு, ஆனால் மெக்கிட்ரிக்கிலிருந்து ஊர் வரையான 3 கிமீயில் பாலம் போக மீதித் தூரம் 19ஆம் எண் நெடுஞ்சாலையின் ஓரத்தில். டட்சோவிலிருந்து வாஷிங்டன் போக 47ஆம் எண் நெடுஞ்சாலையில் 6, 7 கிமீ. அங்கே வண்டிகள் இன்னும் அதிகம்.

தங்கும் இடம். பாதையிலும் அதன் நிறுத்தங்களிலும் கூடாரம் அடிக்க அனுமதி இல்லை. ஊராட்சிப் பூங்காக்களிலும் தனியார் இடங்களிலும் அடிக்கலாம், ஆனால் அவை பாதை முழுக்கச் சீரான இடைவெளியில் இல்லை.

வெள்ளம். மிசௌரி ஆற்றை ஒட்டிய பகுதி வெள்ளத்தில் மூழ்கும். 1993 வெள்ளம் பாதையின் பெரும்பகுதியை அரித்துப்போட்டது, 2019இலும் பல இடங்கள் மூடிக் கிடந்தன. புறப்படுவதற்கு முந்தைய நாள் மாநிலப் பூங்காத் துறையின் இணையதளத்தில் மூடல் அறிவிப்புகளைப் பாருங்கள்.

## வழி 1: கிளின்டன் முதல் செயின்ட் சார்ல்ஸ் வரை முழுதாக

225 மைல், 362 கிமீ. செயின்ட் சார்ல்ஸுக்குக் கிழக்கே மாச்சென்ஸ் வரை இன்னும் 20 கிமீ உண்டு. அங்கே ஊரும் இல்லை, தண்ணீரும் இல்லை. போய்விட்டு அதே வழியில் திரும்ப வேண்டும். முழுப் பாதை என்ற கணக்குக்காகப் போகிறவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அது தேவையில்லை.

மேற்கிலிருந்து கிழக்காக ஓட்டுவதே நல்லது. ஆறு கிழக்கே இறங்குவதால் பாதையும் இறக்கம் என்று சிலர் சொல்வார்கள். ஆற்றோரப் பகுதியில் அந்தச் சாய்வு காலுக்குத் தெரியவே தெரியாது. உண்மையான காரணம் காற்று: பெரும்பாலும் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசும். திறந்த வயல்வெளியில் எதிர்க்காற்று அடித்தால் மணிக்கு 16 கிமீ போகிறவர் 12க்கு இறங்கிவிடுவார்.

நாள் பிரிப்பு இப்படி அமையும்: கிளின்டன்–சேடாலியா 60 கிமீ, சேடாலியா–பூன்வில் 57, பூன்வில்–ஜெஃபர்சன் சிட்டி 78, ஜெஃபர்சன் சிட்டி–ஹெர்மன் 68, ஹெர்மன்–செயின்ட் சார்ல்ஸ் 99. ஐந்தாம் நாள் கனமாகத் தெரிகிறதல்லவா? அதை அகஸ்டாவில் முறித்து 55, 43 என்று இரண்டாக்கினால் ஆறு நாள். மூட்டையோடு ஓட்டிப் பழகாதவர்கள் ஆறாக்கிக்கொள்வதே உடம்புக்கு நல்லது. அகஸ்டா ஊர் மேட்டில் இருக்கிறது. பாதையிலிருந்து விடுதிக்கு ஏறும் அந்த ஒரு தெரு, ஆற்றோரப் பாதையில் எங்கும் இல்லாத செங்குத்து. தள்ளிக்கொண்டு ஏறுவதில் குறை ஒன்றும் இல்லை.

கண்ணுக்குத் தெரியாத செலவு கிளின்டனுக்குப் போய்ச் சேருவதில் இருக்கிறது. அங்கே ரயில் இல்லை. கிழக்கு முனையான செயின்ட் சார்ல்ஸிலும் ஆம்ட்ராக் நிறுத்தம் இல்லை. ஆக இரு முனையும் ரயிலுக்கு எட்டாது. மாநிலத்தின் பெரும்பகுதி அகலத்துக்கு வேன் பிடிக்க வேண்டும், அல்லது காரில் கொண்டுவந்து விட ஓர் ஆள் வேண்டும். நான்கைந்து பேர் சேர்ந்தால் வேன் வாடகை தாங்கும், இருவர் மட்டும் என்றால் கையைக் கடிக்கும். இதோடு ஐந்து இரவு விடுதி வாடகையும் சேரும்.

யாருக்கு: முழு வாரம் விடுப்பு உள்ளவர்களுக்கு, தொடர்ந்து மூன்று நாள் 60 கிமீ ஓட்டிப் பழகியவர்களுக்கு, நாலு பேராவது சேர்ந்து போகிறவர்களுக்கு.

## வழி 2: சேடாலியா முதல் ஹெர்மன் வரை, இரு முனையிலும் ரயில்

முதன்முதலாகப் பல நாள் சைக்கிள் பயணம் போகிறவர்களுக்கு எங்கள் பரிந்துரை இதுதான். 126 மைல், 203 கிமீ, மூன்று நாள். தொடங்கும் ஊரிலும் முடியும் ஊரிலும் ரயில் நிற்கிறது. செயின்ட் லூயிஸ் பக்கத்தவர்கள் கர்க்வுட்டில் ஏறிச் சேடாலியா போய், ஹெர்மனிலிருந்து கர்க்வுட்டுக்கே திரும்பலாம். கேன்சஸ் சிட்டிக்காரர்கள் அங்கிருந்து சேடாலியா வந்து, ஹெர்மனிலிருந்து ஊர் திரும்பலாம். வேனும் வேண்டாம், உதவிக்கு ஆளும் வேண்டாம்.

முதல் நாள் சேடாலியாவிலிருந்து ரோச்போர்ட் வரை 79 கிமீ. இருப்பதிலேயே கடினமான நாள். பூன்வில் வரை பாதை ஆற்றங்கரையில் இல்லை. மேடும் பள்ளமுமான நிலத்தின் மேல் ஏறி இறங்கிப் போகிறது. ரயில் ஏறக்கூடிய சரிவுதான், ஆனால் நீளமான சரிவு. ஒவ்வொரு ஏற்றமும் கிலோமீட்டர் கணக்கில் நீளும். ஏறுகிறோம் என்பதே தெரியாமல் கால் கனக்கும். டயரில் காற்று போய்விட்டதோ என்று பலரும் இறங்கிப் பார்க்கும் இடம் இது. இடையில் பைலட் குரோவ் ஒன்றுதான் சொல்லும்படியான ஊர். சேடாலியாவிலேயே மூன்று லிட்டர் தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். நண்பகல் ரயிலில் வந்து இறங்கி அன்றே இந்த 79 கிமீயைத் தொடங்குவது தவறு: மணிக்கு 15 கிமீ என்றால் ஓட்டுவதற்கே ஐந்தேகால் மணி நேரம், நிற்பதையும் சேர்த்தால் ஏழு. அக்டோபரில் அதற்குள் இருட்டிவிடும். முந்தைய நாள் வந்து சேடாலியாவில் படுத்து, காலை ஏழுக்குக் கிளம்புங்கள். வழி 2இன் மறைந்த செலவு இந்தக் கூடுதல் இரவு. உடம்பு தாங்காது என்று தோன்றினால் பூன்வில்லிலேயே நிறுத்திவிட்டு, இரண்டாம் நாளை 78 கிமீ ஆக்கிக்கொள்ளலாம். அது சமதளம், 79 கிமீ மேட்டு நிலத்தைவிட எளிது.

இரண்டாம் நாள் ரோச்போர்ட்–ஜெஃபர்சன் சிட்டி, 56 கிமீ. இந்தப் பாதையின் பெயரைப் பரப்பியது இந்த நாள்தான். ரோச்போர்ட்டை ஒட்டி மேற்கே, முதல் நாள் முடிவில் நீங்கள் கடந்துவந்தது, 1893இல் கட்டிய 243 அடி ரயில் குகை. பாதையில் இருக்கும் ஒரே குகை இது. இரண்டாம் நாள் கிழக்கே போகப் போக, ஒரு பக்கம் சுண்ணாம்புப் பாறைச் சுவர், மறுபக்கம் மிசௌரி ஆறு, நடுவில் நீங்கள். மெக்பெய்னுக்கு அருகே வயலின் நடுவே பல நூறாண்டு பழைய ஓக் மரம் நிற்கிறது. 2020இல் இடி விழுந்து உள்ளே தீப்பிடித்தும் நின்ற மரம். பாதையிலிருந்து கொஞ்சம் விலக வேண்டும், விலகிப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். ஹார்ட்ஸ்பர்க்கில் சாப்பிட்டுவிட்டால் மிச்சம் 17 கிமீதான்.

மூன்றாம் நாள் ஜெஃபர்சன் சிட்டி–ஹெர்மன், 68 கிமீ. டெபெட்ஸ், மோகேன், போர்ட்லேண்ட், ரைன்லேண்ட் என்று ஊர்ப் பெயர்கள் வந்துகொண்டே இருக்கும், கடைகள் அப்படி வராது. மதிய உணவைக் காலையிலேயே கட்டி எடுத்துக்கொள்ளுங்கள். டெபெட்ஸுக்கும் போர்ட்லேண்டுக்கும் இடையே குதிரைகளுக்கும் அனுமதி உண்டு. எதிரே குதிரை வந்தால் இறங்கி நின்று, குரல் கொடுத்துப் பேசுங்கள். மணி அடித்தால் மிரளும்.

ஹெர்மனில் அன்று மாலை ரயிலே வேண்டாம். படுத்து எழுந்து மறுநாள் போங்கள். ரயில் தாமதமானாலும் பதற்றம் இராது.

## வழி 3: வாஷிங்டன்–ஹெர்மன் ரயில் சுற்று

ஒரே நாள் அவகாசம் உள்ளவர்களுக்கு இது. காரை வாஷிங்டன் ரயில் நிலையப் பக்கம் விட்டு, காலையில் மேற்கே போகும் வண்டியில் ஹெர்மனில் இறங்குங்கள். பாலம் தாண்டி மெக்கிட்ரிக்கில் பாதையைப் பிடித்து, டிரெலோர், மார்த்தாஸ்வில் வழியாக டட்சோ வரை 43 கிமீ. அங்கிருந்து 47ஆம் எண் சாலையில் வாஷிங்டன். மொத்தம் சுமார் 53 கிமீ. வாஷிங்டன் பாலம் 2018இல் புதிதாகக் கட்டியது, அதில் சைக்கிளுக்குத் தனித் தடம் உண்டு. பாலத்துக்கு வரும்வரையான சாலையோரம்தான் இந்தச் சுற்றின் பலவீனம். 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இதை நாங்கள் சொல்லமாட்டோம். பெரியவர்கள் பளிச்சென்ற உடையோடு, பின்விளக்கை எரியவிட்டு, ஒருவர் பின் ஒருவராகப் போனால் அரைமணிக்குள் முடிந்துவிடும்.

இரண்டு நாள் கிடைத்தால் முதல் நாளே ரயிலில் ஹெர்மன் போய்த் தங்கி ஊரைப் பாருங்கள். 1830களில் ஜெர்மானியக் குடியேறிகள் அமைத்த ஊர். செங்கல் வீடுகளும் மலைச்சரிவில் திராட்சைத் தோட்டமுமாக இருக்கும். இங்கேயும் ஒரு மறைந்த செலவு: அக்டோபர் வார இறுதிகளில் ஹெர்மனில் அக்டோபர் திருவிழா நடக்கும். அறைகள் மாதக்கணக்கில் முன்பே போய்விடும், மிஞ்சியவற்றின் விலையும் ஏறிவிடும். அதே வாரத்தில் செவ்வாய், புதனில் போனால் அறை கிடைக்கும். உணவகங்கள்தான் சில பூட்டியிருக்கும்.

## வழி 4: ரோச்போர்ட்டில் தங்கிப் போய்வருவது

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கும், சைக்கிளில் இவ்வளவு தூரம் போனதே இல்லை என்பவர்களுக்கும் இதை மிஞ்சி ஒன்று இல்லை. மூட்டை விடுதியிலேயே இருக்கும். களைத்த இடத்தில் திரும்பிவிடலாம், அதுதான் இதன் பெரும் வசதி. மழை வந்தால் அன்றைக்குப் பயணத்தை விட்டுவிடலாம்.

முதல் நாள் குகையைத் தாண்டி நியூ ஃபிராங்க்ளின் வரை போய்வர 32 கிமீ. இரண்டாம் நாள் பாறைச் சுவர் ஓரமாக மெக்பெய்ன் வரை போய்வர 28 கிமீ, ஓக் மரத்துக்கு இன்னும் கொஞ்சம். எட்டு வயதுப் பிள்ளை 12 கிமீ போனதும் முகம் சுருங்கத் தொடங்கும். அதனால் திரும்பும் தூரத்தைப் பிள்ளையின் கணக்கில் வையுங்கள்: போகும்போது 8 கிமீயில் நிறுத்திச் சாப்பிட்டுத் திரும்புங்கள். ஆற்றில் கால் நனைக்கவும் விடாதீர்கள். மேலே அமைதியாகத் தெரியும் மிசௌரி ஆற்றில் கரையோரமே இழுப்பு பலமாக இருக்கும்.

ரோச்போர்ட் சில நூறு பேர் வாழும் ஊர். அழகான விடுதிகள் உண்டு, மலிவானவை இல்லை. செலவு பார்ப்பவர்கள் கொலம்பியா நகரில் தங்கலாம். ஊர் நடுவிலிருந்து எம்.கே.டி. கிளைப் பாதை 8.9 மைல் ஓடி மெக்பெய்ன் அருகே கேட்டியில் சேருகிறது. அங்கிருந்து ரோச்போர்ட்டுக்கு இன்னொரு 14 கிமீ, ஆக ஒரு வழி 29 கிமீ முழுக்கக் கார் இல்லாமல். கொலம்பியா பல்கலைக்கழக ஊர் என்பதால் சைக்கிள் கடையும் இந்தியச் சாப்பாடும் கிடைக்கும். இலையுதிர்காலத்தில் பல்கலைக்கழகக் கால்பந்து ஆட்டம் உள்ளூரில் நடக்கும் சனிக்கிழமைகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அறை கிடைக்காது.

## பக்கத்துப் பக்கம் வைத்துப் பார்த்தால்

| | வழி 1: முழுப் பாதை | வழி 2: சேடாலியா–ஹெர்மன் | வழி 3: ரயில் சுற்று | வழி 4: ரோச்போர்ட் |
|---|---|---|---|---|
| தூரம் | 362 கிமீ | 203 கிமீ | சுமார் 53 கிமீ | நாளுக்கு 16 முதல் 32 கிமீ |
| ஓட்டும் நாள் | 5 அல்லது 6 | 3 | 1 | 2, விருப்பப்படி |
| வெளியே தங்கும் இரவு | 5 | 4 | 0 அல்லது 1 | 1 அல்லது 2 |
| காருக்குத் திரும்புவது | வேன் அல்லது உதவி ஆள் | ரயில் | ரயிலில் போய்ச் சைக்கிளில் திரும்புவது | வந்த வழியே |
| கார் சாலையில் | ஹெர்மன் போய்வர | ஹெர்மன் போக | ஹெர்மனில் 3, வாஷிங்டனுக்கு 6, 7 கிமீ | பாதையில் இல்லை |
| ஏற்றம் | மேற்கே, பூன்வில் வரை | முதல் நாள் மட்டும் | இல்லை | இல்லை |
| மறைந்த செலவு | கிளின்டன் போக வேன் | சேடாலியாவில் கூடுதல் இரவு | அக்டோபர் அறை விலை | ரோச்போர்ட் விடுதி வாடகை |
| மழை பெய்தால் | சமாளித்தே ஆக வேண்டும் | ஜெஃபர்சன் சிட்டியில் ரயில் ஏறலாம் | தேதி மாற்றலாம் | அன்று ஓய்வு |

கடைசி வரிசையைக் கவனியுங்கள். வழி 2இல் நடுவழியில் ஜெஃபர்சன் சிட்டி இருப்பது பெரிய பாதுகாப்பு. முழங்கால் வலித்தால், சைக்கிள் உடைந்தால், இரண்டாம் நாள் முடிவில் ரயில் ஏறிவிடலாம். வழி 1இல் கடைசி இரண்டு நாளுக்கு ஹெர்மனைத் தாண்டினால் அந்த வசதி வாஷிங்டனில் மட்டும்தான்.

கேன்சஸ் சிட்டியில் இருந்துகொண்டு கூட்டமே வேண்டாம் என்பவர்களுக்கு வின்ட்சர் பக்கம் ஒன்று இருக்கிறது. 2016 டிசம்பரில் திறந்த ராக் ஐலண்ட் மாநிலப் பூங்காப் பாதை, ப்ளெசன்ட் ஹில்லிலிருந்து 47.5 மைல் ஓடி வின்ட்சரில் கேட்டியோடு சேருகிறது. புல்வெளியும் மேய்ச்சல் நிலமுமான நாடு. நிழல் குறைவு, கடையும் குறைவு. ஆறும் பாறையும் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் இது ஏமாற்றும்.

## எந்த வழியானாலும்

தரை. நொறுக்கிய சுண்ணாம்புக் கல் தூளை அழுத்திய தரை. காய்ந்திருக்கும்போது நன்றாக ஓடும், ஆனாலும் தார்ச் சாலையைவிட மணிக்கு இரண்டு கிமீயாவது குறையும். டயர் 38 முதல் 45 மிமீ அகலம் இருக்கட்டும். 28 மிமீ ரேஸ் டயர் மழைக்குப் பின் இளகிய இடத்தில் வெட்டிக்கொண்டு இறங்கும். 70 கிலோ ஆளுக்கும் 10 கிலோ மூட்டைக்கும் 40 மிமீ டயரில் பின்னால் 45 முதல் 50, முன்னால் 40 பிஎஸ்ஐ போதும். தார்ச் சாலைக்கு அடிப்பதுபோல் கெட்டியாக அடித்தால் கை அதிரும், திருப்பத்தில் வழுக்கும்.

மழையில் இந்தத் தூள் வெள்ளைக் குழம்பாகிச் செயின், கியர், பிரேக் எல்லாவற்றிலும் அப்பும். காய்ந்தால் சிமெண்ட் மாதிரி இறுகும். மறுநாள் காலை கியர் தாவுவதற்கும் செயின் கிறீச்சிடுவதற்கும் இதுதான் காரணம். விடுதிக்குப் போய்ச் சேர்ந்ததும், நீங்கள் குளிக்கும் முன், ஈரமாக இருக்கும்போதே குழாய்த் தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். துணியால் துடைத்து உலர்ந்தபின் செயினுக்கு எண்ணெய். 60 மிலி எண்ணெயும் இரண்டு பழைய பனியன் துணியும் பையில் இருக்க வேண்டும். ரிம் பிரேக் உள்ள சைக்கிளில் இந்தக் குழம்பு பிரேக் கட்டைகளை உப்புத்தாள்போல் அரைக்கும். ஒரு ஜோடி கூடுதலாக எடுங்கள். முன்னும் பின்னும் மட்கார்டு போட்டால் பாதித் தொல்லை போய்விடும். டியூப் இரண்டு, பஞ்சர் ஒட்டும் பெட்டி, டயர் நெம்பும் கம்பி, கைப்பம்பு ஆகியவை கட்டாயம், ஏனென்றால் பல இடங்களில் அடுத்த சைக்கிள் கடை 50 கிமீக்கு அப்பால்.

உடம்பு. சமதளம் என்றால் சுலபம் என்று நினைத்துத்தான் பலரும் வருகிறார்கள். இறக்கமே இல்லாத பாதையில் கால் ஓயாது, உட்கார்ந்த இடமும் மாறாது. மூன்று மணி நேரத்தில் பின்புறம் காந்தும், சுண்டுவிரல் பக்கம் மரத்துப்போகும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பெடலில் எழுந்து நின்று இருபது மிதி மிதியுங்கள். பதினைந்து கிமீக்கு ஒருமுறை இறங்கி நடங்கள். புது சீட்டை இந்தப் பயணத்துக்கென்று வாங்கி மாட்டாதீர்கள்.

பருவம். ஏப்ரல் கடைசி முதல் மே முடிய, செப்டம்பர் நடு முதல் அக்டோபர் முடிய. ஜூலை, ஆகஸ்டில் 32 டிகிரிக்கு மேல் போகும், அதோடு சென்னை மாதிரிப் புழுக்கம். காலை ஆறு முதல் பதினொன்றுக்குள் ஓட்டி முடித்துவிட வேண்டும். ஆகஸ்டில் சேடாலியாவில் மாநிலக் கண்காட்சி நடக்கும், அப்போது வழி 2க்கு அங்கே அறை கிடைப்பது கடினம். நவம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும், மான் வேட்டைப் பருவமும் அப்போதுதான். ஆரஞ்சு நிறச் சட்டை போடுங்கள். வெயில் காலத்தில் புல்லில் உட்கார்ந்தால் உண்ணி ஏறும். ஒவ்வொரு மாலையும் முழங்காலுக்குப் பின்புறம், இடுப்பு, காதோரம் பார்த்துக்கொள்ளுங்கள். பாதையோரம் மூன்று மூன்று இலையாகப் படரும் செடியைத் தொடாதீர்கள், தோல் வெந்ததுபோல் கொப்பளிக்கும்.

முன்பதிவு வரிசை. வழி 2, 3 இரண்டுக்கும் முதலில் ரயிலில் சைக்கிள் இடம், அடுத்து ஹெர்மன் அறை, அதற்குப் பிறகுதான் மற்ற ஊர் அறைகள். தலைகீழாகப் போட்டால், அறைக்குப் பணம் கட்டிய தேதியில் சைக்கிளுக்கு ரயிலில் இடம் இருக்காது. ரயில் நேரம் அவ்வப்போது மாறுவதால் பழைய பதிவுகளில் பார்த்த நேரத்தை நம்பாமல், பதிவு செய்யும் அன்றைய அட்டவணையைப் பாருங்கள். காரை இரவில் விட்டுப் போவதானால் அந்த நிறுத்தத்தின் அறிவிப்புப் பலகையில் இரவு நிறுத்த அனுமதி இருக்கிறதா என்று படித்துவிட்டுப் பூட்டுங்கள்.